கெலிஓயா மிளகுக் கொப்பி

நான் கண்டிக்கு மாற்றலாகி வந்த இரண்டாம் வருடம் எங்கள் கந்தோருக்கு ஒரு பெட்டிசம் வந்தது. கெலிஓயாவில் கொமியூனிகேஷன் கடை நடத்தும் ஒரு பெண் மிளகு விலையை வைத்துப் பந்தயம் பிடிக்கிறாள், ஊரார் காசெல்லாம் அவள் கையில் சேருகிறது, அரசாங்கம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கலாமா என்று அதில் கேட்டிருந்தது. கையொப்பம் இல்லை. எழுத்து மட்டும் முத்து முத்தாக இருந்தது.

எங்களுடையது சங்கங்களைப் பதிந்து மேற்பார்வை செய்யும் கந்தோர். மரண உதவிச் சங்கம், விளையாட்டுக் கழகம், கோயில் பரிபாலன சபை, இவைதான் எங்கள் உலகம். நான் அங்கே பரிசோதகர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவள் என்பதால் தமிழில் வரும் கடிதமெல்லாம் நேரே என் மேசைக்கு வந்துவிடும். எங்கள் உதவி ஆணையாளர் சிங்களவர். எதற்கும் குரலை உயர்த்தாத, சிரிப்பதற்குக் காரணம் தேடிக்கொண்டே இருக்கிற மனிதர். பெட்டிசத்தை நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார், மிளகில் எப்படிப் பந்தயம் பிடிப்பது என்று. எனக்கும் தெரியவில்லை. "போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வந்து எனக்கும் சொல்லித் தாருங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார்.

யுத்த காலம் அது. பஸ்ஸில் ஏறினால் வழியில் எங்காவது இறக்கி அடையாள அட்டை பார்ப்பார்கள். என் அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருக்கும். அதனால் மற்றவர்கள் ஏறிய பிறகும் நான் ரோட்டில் நின்று பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். அன்றும் அப்படித்தான். எங்கே போகிறாய் என்று கேட்ட சிப்பாயிடம் மிளகு விசாரிக்கப் போகிறேன் என்றேன். கந்தோர்க் கடிதத்தை இரண்டு முறை வாசித்தவன், பஸ் புறப்படும்போது யன்னல் பக்கம் வந்து, தங்கள் வீட்டிலும் ஆறு கொடி நிற்கிறது, இப்போது விற்கலாமா, வைத்திருக்கலாமா என்று கேட்டான்.

கடை பிரதான வீதியிலேயே இருந்தது. பலகையால் அடைத்த இரண்டு தொலைபேசிக் கூண்டுகள், ஒரு போட்டோப் பிரதி மெஷின், நான்கு கதிரைகள். சுவரில் ஒரு கரும்பலகை. அதில் கொழும்பு விலை: மிளகு, கராம்பு, சாதிக்காய். மேசைக்குப் பின்னால் இருந்த பெண் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். தெல்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, கெலிஓயாவில் கலியாணம் முடித்தவர். கணவர் மத்திய கிழக்கில் டிரைவர். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அன்று அவர் என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்க மிஸ், உக்காருங்க. பெட்டிசம் விசயமாத்தானே?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"கந்தோர்ல இருந்து வேற எதுக்கு மிஸ் வரப்போறாங்க? டீ குடிக்கிறீங்களா?"

குடித்தேன். மேசை லாச்சியிலிருந்து ஒரு தடித்த சீஆர் கணக்குக் கொப்பியை எடுத்து என் முன்னால் விரித்து வைத்தார். ஒளிக்க எதுவும் இல்லாதவர் போல.

மிளகு வியாபாரம் இரண்டு விதம். கையில் இருக்கும் மிளகை விற்பது ஒன்று. மூன்று மாதம் கழித்து வரப்போகும் மிளகுக்கு இன்றே விலை பேசி வாக்குக் கொடுப்பது மற்றது. விலை இறங்கிவிடும் என்று பயப்படுகிறவர் விற்பார், ஏறிவிடும் என்று பயப்படுகிறவர் வாங்குவார். சந்தையோ ஏலமோ எதுவும் கிடையாது. இருவர் தொலைபேசியில் பேசினால் முடிந்தது. பிறகு நான் அக்கா என்றே கூப்பிடத் தொடங்கிய அந்தக் கடைக்காரப் பெண்ணுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றால், எல்லாரும் அவருடைய கூண்டிலிருந்துதான் பேசினார்கள். பலகைச் சுவர் மெல்லியது.

"ஒரு தடவ ஊரடங்கு போட்டாங்க மிஸ். லொறி ஓடல. கலகெதரயில இருக்க ஒரு யாவாரி, இங்க நம்ம ஹாஜியாருக்குப் பத்து மூட்ட தாறேன்னு சொல்லியிருந்தாரு. வரல. ஹாஜியாரு அதையே கண்டி டவுன் மொதலாளிக்கு வித்திருந்தாரு. அவரு தெல்தோட்டயில ஒருத்தருக்கு. ஊரடங்கு எடுத்த பொறகு பாத்தா வெல எங்கயோ போயிருச்சு. நாலு பேரும் நாலு பேரையும் கள்ளன்னு ஏசுறாங்க. இங்க வந்து கால் பேசுறதுன்னா ஒருத்தர் வெளிய போன பொறகுதான் மத்தவரு உள்ள வருவாரு. என் யாவாரமே படுத்துருச்சு."

கடை வியாபாரத்தைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவர் கொப்பியை எடுத்திருக்கிறார். தன் காதில் விழுந்த வாக்குகளையெல்லாம் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, தெல்தோட்டைக்காரர் அதே பத்து மூட்டையைக் கலகெதரக்காரருக்கே விற்றிருக்கிறார் என்பது. மிளகு ஒரு சுற்றுச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. நாலு பேரையும் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் கடைக்குக் கூப்பிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருந்த நாலு கதிரைகளுக்கும் நடுவில் நின்று வாசித்துக் காட்டியிருக்கிறார்.

"நாப்பது மூட்டைக்குச் சண்ட பிடிக்கிறீங்க, ஒருத்தரும் ஒரு மூட்ட கூட தூக்கத் தேவயில்லன்னு சொன்னேன். வெல வித்தியாசத்த மட்டும் குடுத்து வாங்கிக்கங்கன்னேன். பொறகு ஹாஜியாருதான் சிரிச்சாரு."

அந்தச் சிரிப்பிலிருந்துதான் மற்றதெல்லாம் தொடங்கியது. இனி நாங்கள் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுப்பதில்லை, எல்லாரும் உங்களுக்கே கொடுக்கிறோம் என்று ஹாஜியார் சொல்லியிருக்கிறார். அதாவது, விற்பவர் அக்காவுக்கு விற்பார், வாங்குபவர் அக்காவிடம் வாங்குவார். ஒருவர் கைவிட்டாலும் மற்றவருக்கு அக்கா பொறுப்பு.

"எனக்கு மிளகுல ரசம் வைக்க மட்டுந்தான் தெரியும்னேன். அதுதான் நல்லதுன்னாங்க. மிளகு யாவாரம் செய்யாத ஆளா இருக்கணுமாம்."

ஆனால் அக்கா வெறும் கையோடு நடுவில் நிற்கவில்லை. ஒவ்வொரு வாக்குக்கும் இரண்டு பக்கமும் பிணையாகக் கட்டுக்காசு வைக்க வேண்டும். சனிக்கிழமைதோறும் கொழும்பு விலை கேட்டுப் பலகையில் எழுதுவார். விலை யாருக்கு எதிராகப் போயிருக்கிறதோ அவர் பின்னேரம் ஐந்து மணிக்குள் மேலதிகக் காசு கொண்டுவந்து கட்ட வேண்டும். அதற்கு மேலே எல்லாரும் சேர்ந்து போட்ட பொதுக்காசு வேறு. எல்லாம் வங்கிப் புத்தகத்தில் இருந்தது. அவருக்குக் கிடைத்தது மூட்டைக்கு ஒரு சிறு கூலியும் தொலைபேசிக் கட்டணமும்தான்.

பல வருடங்களுக்குப் பிறகு, யுத்தம் முடிகிற காலத்தில், கொழும்பில் ஒரு பயிற்சி வகுப்புக்கு என்னை அனுப்பினார்கள். உலகத்துப் பெரிய வங்கிகள் பங்குச்சந்தைக்கு வெளியே தமக்குள் பேசி முடிக்கும் பெறுதி ஒப்பந்தங்கள், அதாவது வரப்போகும் விலைக்கு இன்றே கொடுக்கும் வாக்குகள்தான் பாடம். யார் யாருக்கு என்ன வாக்குக் கொடுத்தார் என்று ஒருவருக்கும் தெரியாமல் போனதால் எல்லாம் சேர்ந்து சரிந்தனவாம். இனி நடுவில் எல்லாருடைய வாக்குக்கும் பொறுப்பேற்கும் ஒரு மத்திய தீர்ப்பனவு நிலையம் வைக்கவேண்டும் என்று விரிவுரையாளர் பலகையில் ஒரு வட்டம் கீறி, சுற்றிவரக் கோடுகள் இழுத்தார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது.

அன்று கெலிஓயாவில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. நல்ல ஏற்பாடு என்று பட்டது. ஆனால் எந்தச் சட்டத்தின் கீழ் எழுதுவது?

திரும்பி வந்து உதவி ஆணையாளருக்கு விளக்கினேன். என் மேசையிலிருந்த ஊசிப் பெட்டி, மைப் பெட்டியை எல்லாம் வியாபாரிகளாக வைத்துக் காட்ட வேண்டியிருந்தது. அவருக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. கடிதங்கள் எழுதினோம். பொலிஸ், உண்மையான மிளகு கைமாறுவதால் இது பந்தயம் இல்லை என்றது. வங்கிகளைப் பார்க்கும் இடம், வட்டி கொடுக்காததால் இது வைப்பு இல்லை என்றது. காப்புறுதி பார்க்கும் இடம், யாரும் சாகாததால் தங்களுக்குச் சம்பந்தம் இல்லை என்ற மாதிரி எழுதியது. விவசாயம், மிளகு காய்க்கும் வரைதான் தங்கள் பொறுப்பு என்றது. எல்லாக் கடிதங்களும் "உரிய நடவடிக்கைக்காக" எங்களிடமே திரும்பி வந்தன. கோப்பு தடித்ததே தவிர ஒரு முடிவும் வரவில்லை.

அந்தக் கோப்பைப் போட இடம் தேடித்தான் பழைய அலுமாரியைத் திறந்தேன். நான் மாற்றலாகி வருமுன் சேர்ந்திருந்த, பதில் அனுப்பாத கடிதக் கட்டொன்றுக்குள் மூன்று கடிதங்கள், ஒரே கையெழுத்தில், முத்து முத்தாக. கெலிஓயாவில் தான் இப்படியொரு கொப்பி வைத்திருப்பதாகவும், இதைப் பதிய வேண்டுமா, எப்படிப் பதிவது என்று தயவுசெய்து அறியத்தரும்படியும் அக்கா பணிவாகக் கேட்டிருந்தார். கீழே பெயர், விலாசம், கையொப்பம் எல்லாம் ஒழுங்காக. பெட்டிசத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை போய்க் கேட்டேன்.

"அக்கா, பெட்டிசம் எழுதினது நீங்கள்தானே?"

அவர் கொஞ்சமும் கூசவில்லை.

"ஆமா மிஸ். மூணு காகிதம் மரியாதயா எழுதினேன், ஒருத்தரும் வரல. பெட்டிசம் போட்டேன், ரெண்டே கெழமயில நீங்க வந்துட்டீங்க."

"உங்களைப் பற்றி நீங்களே..."

"வேற என்ன செய்ய? இந்த நாள்ல ஒரு தமிழ்ப் பொம்பள கையில பேர் பேரா எழுதின கொப்பியும் காசும் இருந்தா என்னன்னு நெனப்பாங்க? நாளைக்கு யாராச்சும் வந்து கேட்டா, கவர்மெண்டுக்குத் தெரியும்னு சொல்ல ஒரு ஆள் வேணும்ல?"

அந்த ஆள் நான். எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. என்னுடைய அட்டையைப் பார்த்துவிட்டுச் சிப்பாய்கள் யோசிக்கும் அந்த அரை நிமிடம் எனக்கு நல்லாய்த் தெரியும். அவரும் அதே அரை நிமிடத்துக்குத்தான் பயந்திருக்கிறார். அதன் பிறகு நான் சனிக்கிழமைகளில் அடிக்கடி போனேன், அவதானிப்பதற்கு என்று கோப்பில் எழுதிவிட்டு.

அப்படி இருந்த ஒரு சனிக்கிழமை விலை துள்ளி ஏறியது. கலகெதரக்காரர் முப்பது மூட்டை பழைய விலைக்கு விற்றிருந்தார். அவர்தான் பெரிய தொகை கட்ட வேண்டியவர். நாலு மணிக்கு ஆள் இல்லை. நாலரைக்கு அக்கா தொலைபேசி எடுத்தார். அவர் கொழும்புக்குப் போய்விட்டார் என்று பதில் வந்தது. ஐந்து மணிக்கு ஹாஜியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கடையில் இருந்த எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள்.

"இன்னும் கொஞ்சம் பாப்பமே" என்றேன் நான்.

"இல்ல மிஸ். அஞ்சுன்னா அஞ்சு. இவருக்குப் பாத்தா எல்லாருக்கும் பாக்கணும்."

கலகெதரக்காரரின் முப்பது மூட்டை வாக்கையும் அங்கேயே கூறி ஏலம் போட்டார். யார் ஆகக் குறைந்த காசு கேட்டு அதைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறார் என்ற ஏலம். ஹாஜியார் பதினைந்து எடுத்தார். தெல்தோட்டைக்காரர் பத்து. கண்டி முதலாளி முனகிக்கொண்டே ஐந்து. அவர்களுக்குக் கொடுக்கக் கலகெதரக்காரரின் கட்டுக்காசு போதவில்லை. பொதுக்காசில் பெரும்பகுதி போயிற்று. எல்லாரும் திரும்பவும் போட வேண்டும் என்றதும் பெரிய சத்தம்.

"நான் ஒழுங்காக் கட்டினவன், நான் ஏன் அவருக்காகப் போடணும்?" என்றார் கண்டி முதலாளி.

"மொதலாளி, ஒங்களுக்குத் தவணையில மிளகு வருமா வராதா?" என்று ஹாஜியார் கேட்டார்.

"வரும்."

"முந்தி எண்டா வந்தீக்குமா?"

முதலாளி காசை எடுத்து வைத்தார். அந்தத் தவணையில் வாங்கியிருந்த ஒவ்வொருவருக்கும் பேசிய விலைக்கு மிளகு கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை கலகெதரக்காரரின் மனைவி பஸ்ஸில் வந்து இறங்கினார். நான் அன்று விலை நிலவர அறிக்கையில் அக்காவின் கையொப்பம் வாங்கப் போயிருந்தேன். வந்த பெண் கதிரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்:

"அவரு ஊட்டுலதான் ஈக்காரு. கொழும்புக்குப் போனண்டு செல்லச் சொன்னாரு, சனிக்கெழம நானும் அப்பிடியே செல்லிட்டேன். மூணு நாளாச் சோறு எறங்கல எனக்கு. கால் வந்தா கட்டிலுக்கு அடியில போறாரு."

"எதுக்குக்கா கட்டிலுக்கு அடியில? ஃபோன்ல ஆள் தெரியாதே" என்றார் அக்கா.

அந்தப் பெண்ணுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகுதான் விசயம் வெளியே வந்தது. கொப்பியில் உள்ள முப்பது மூட்டைக்கு மேலே, கொப்பிக்கு வெளியே குருநாகல் வியாபாரி ஒருவருக்கும் அவர் இருபது மூட்டை விற்றிருக்கிறார். காசு அங்கே போய்விட்டது. அக்காவுக்கு அது தெரிந்திருக்க வழியில்லை, அந்தப் பேச்சு வேறெங்கோ ஒரு தொலைபேசியில் நடந்திருந்தது. கலகெதரக்காரர் அடுத்த கிழமை தலை குனிந்து வந்தார். தவணை முறையில் கட்டினார். இரட்டிப்புக் கட்டுக்காசுடன் அவரைத் திரும்பவும் கொப்பியில் சேர்த்தார்கள். வெளியே கொடுக்கும் வாக்கையும் கொப்பிக்காரரிடம் சொல்லவேண்டும் என்று ஒரு விதி வந்தது. அது பலருக்குக் கசந்தது. தங்கள் வியாபாரத்தை மற்றவர் அறியக் கூடாது என்றார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தாள் வைத்து மற்றவருக்குக் காட்டாமல் பார்த்துக்கொண்டார்.

உதவி ஆணையாளர் இதையெல்லாம் கேட்டுவிட்டு ஒரு கேள்வி கேட்டார். முந்தி ஒருவர் விழுந்தால் பக்கத்தில் நிற்பவர் மட்டும் விழுவார். இப்போது எல்லாரும் ஒரு பெண்ணின் மேல் சாய்ந்து நிற்கிறார்கள். அந்தப் பெண் விழுந்தால்? அதை அக்காவிடம் கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் ஆகாது மிஸ். நான் மாத்திரகூடப் போடுறதில்ல" என்றார்.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கொப்பிக்குத்தான் ஆனது. ஒரு காலை பொலிஸார் வீதியைச் சுற்றி வளைத்துத் தேடுதல் நடத்தினார்கள். கடைக்குள் வந்தவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. பெயர்களும் தொகைகளுமாய் வரிசை வரிசையாக இருந்த கொப்பியைக் கண்டதும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்காவைப் பின்னேரம் வரை வைத்து விசாரித்துவிட்டு அனுப்பினார்கள். கொப்பி மட்டும் வரவில்லை.

அடுத்த நாள் காலையில் எங்கள் கந்தோர் வாசலில் ஹாஜியார், தெல்தோட்டைக்காரர், கண்டி முதலாளி மூவரும் நின்றார்கள். கலகெதரக்காரர் ஒரு வான் வண்டியில் வந்து இறங்கினார்.

"மிஸ், யாரு யாருக்கு என்னண்டு எங்களுக்கே தெரியா" என்றார் ஹாஜியார். "எல்லாம் அந்தக் கொப்பிலதான் ஈக்கி. சனிக்கெழம வந்தா என்ன செய்ற?"

அக்கா அவர்களுக்குப் பின்னால் நின்றார். கண் வீங்கியிருந்தது. என்னைக் கண்டதும், "தேவயில்லாம உங்களயும் மாட்டிவிட்டேன் மிஸ்" என்றார்.

நான் உள்ளே போய்ச் சொன்னேன். உதவி ஆணையாளர் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். அவர் கோட்டுப் போட்டு நான் பார்த்தது அன்றுதான். தடித்த கோப்பை என் கையில் தந்து, கந்தோர் ஜீப்பில் எல்லாரையும் ஏற்றினார். பொலிஸ் நிலையத்தில் கொப்பியை வைத்திருந்த அதிகாரியின் மேசையில், அவருடைய ஊசிப் பெட்டி, மைப் பெட்டியை எடுத்து வைத்து விளக்கத் தொடங்கினார். எனக்குப் பயத்திலும் சிரிப்பு வந்தது. நான் பக்கம் பக்கமாக வாசித்துச் சிங்களத்தில் சொன்னேன். வங்கிப் புத்தகத்தைக் காட்டினோம். பொலிஸும் மற்ற இடங்களும் எழுதிய பதில்களைக் காட்டினோம். அதிகாரி எல்லாவற்றையும் கேட்டார். கடைசியாக ஒரு கேள்வி. "இது அரசாங்கத்துக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றேன். "பெட்டிசம்கூட வந்தது."

அதையும் எடுத்துக் காட்டினேன். அதிகாரி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இந்தக் கேட்டைச் செய்தவன் யார் என்று அக்காவைப் பார்த்துப் பரிவோடு கேட்டார். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். கொப்பி கையில் வந்தது. நாங்கள் படியிறங்கும்போது அதிகாரி பின்னால் வந்து, தன் தகப்பனாரிடம் இரண்டு மூட்டை இருப்பதாகவும், சனிக்கிழமை வரை பொறுக்கலாமா என்றும் மெல்லிய குரலில் விசாரித்தார்.

இனித் தள்ளிப்போட முடியாது என்று உதவி ஆணையாளர் சொன்னார். எங்களிடம் இருந்த ஒரே படிவம் நலன்புரிச் சங்கப் படிவம். அதிலேயே பதிவது என்று முடிவானது. அதற்கு நிபந்தனைகள் நானே எழுதினேன். சனிக்கிழமைதோறும் கொப்பியின் பிரதி ஒன்று எங்கள் அலுமாரிக்கு வரவேண்டும். அக்காவோடு இன்னும் இருவர் கணக்கைப் படித்திருக்க வேண்டும், அதில் ஒருவர் மிளகு வியாபாரி அல்லாதவர். வங்கியில் இரண்டு கையொப்பம். வருடத்துக்கு இரண்டு பரிசோதனை. கலகெதரக்காரர் மாதிரி இரண்டு பேர் ஒரே நாளில் கட்டிலுக்கு அடியில் போனாலும் தாங்கும் அளவுக்குப் பொதுக்காசு. கடைசி நிபந்தனையை இந்த வார்த்தைகளில் நான் எழுதவில்லை. ஆனால் உதவி ஆணையாளருக்கு அப்படித்தான் விளக்கினேன்.

"சங்கத்தின் நோக்கம்" என்ற வரியில் எல்லாரும் இடறினோம். தீர்ப்பனவு என்று எழுதினால் வங்கிக்குப் போகும். உத்தரவாதம் என்றால் காப்புறுதிக்கு. ஒரு பகல் முழுக்க யோசித்துவிட்டு அக்காவிடமே தொலைபேசியில் கேட்டேன்.

"மனுசன் ராத்திரி நிம்மதியாத் தூங்கணும், அதுதான் மிஸ்" என்றார்.

"அங்கத்தவர்களின் மிளகு தொடர்பான மன அமைதியைப் பேணுதல்" என்று எழுதினேன். உதவி ஆணையாளர் மொழிபெயர்ப்பைக் கேட்டு, ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டு, கையொப்பம் வைத்து முத்திரை குத்தினார்.

முதலாவது பரிசோதனை ஒரு மழை நாளில். கணக்கு சதம் பிசகவில்லை. கலகெதரக்காரரின் மனைவி எல்லாருக்கும் புரியாணி கொண்டுவந்திருந்தார். மாமிசம் சாப்பிடாத எனக்கு மட்டும் மரக்கறியில், வேறு பாத்திரத்தில். புறப்படும்போது அக்கா கால் கிலோ மிளகைத் தாளில் சுற்றி நீட்டினார். பரிசோதகர் அன்பளிப்பு வாங்கக் கூடாது என்றேன்.

"அப்ப காசு குடுத்து வாங்குங்க. பலகயில உள்ள வெலதான், கொறைக்க மாட்டேன்."

கொடுத்து வாங்கினேன். அடுத்த சனிக்கிழமையே விலை இறங்கிவிட்டது.